இடம் சொன்னதால் போன கூடு: வன்னிப் பறவை நோக்கர் குழு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த எழுத்தில் வரும் களப்பின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. மேற்கே மன்னார், பூநகரிக் கரை தொடங்கிக் கிழக்கே கொக்கிளாய் வரை, இலங்கையின் வடக்கிலுள்ள வன்னிக்குக் கடலும் களப்புமாக எத்தனையோ விளிம்புகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களின் பெயரும் வராது, தொழிலைச் சொல்லிக் குறிப்பிடுகிறேன். இங்கே நடந்த பிழை இடத்தைச் சொன்னது. அதைச் சொன்னவள் நான்.

நடந்ததைச் சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆனி மாதச் சனிக்கிழமை காலை, சோளகக் காற்று புழுதியை அள்ளி எறிந்துகொண்டிருந்த நேரம், களப்பை ஒட்டிய தரவையில், அதாவது மரமில்லாத வெட்டவெளியில், ஒரு சின்னக் குருவியின் கூட்டைக் கண்டேன். மூன்று முட்டை. படம் எடுத்து, லொக்கேஷனோடு எங்கள் வட்ஸ்அப் குறூப்பில் போட்டேன். ஒன்பதாம் நாள் கூட்டில் ஒரு முட்டையும் இல்லை. அதோடு குறூப் உடைகிற நிலைக்கு வந்தது. பிறகு வேறு விதமாகக் கூடியது.

வான் பாய்ந்த நாளில் கூடிய ஐந்து பேர்

தொடங்கும்போது நாங்கள் ஐந்து பேர். விஞ்ஞானம் படிப்பிக்கிற நான், நீர்ப்பாசனப் பகுதியில் வேலை செய்கிற ஒரு அண்ணை, வான் ஓட்டுகிற தம்பி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளை, மிதிவெடி அகற்றும் வேலைக்குப் போகிற ஒரு அக்கா. எங்களைச் சேர்த்தது இரணைமடுக் குளக்கட்டு. மாரி முடிகிற நேரம், குளம் நிரம்பி மிச்சத் தண்ணீர் வான் பாய்வதைப் பார்க்க ஊரே திரண்டு வந்திருந்தது. அந்தச் சனத்துக்குள் தண்ணீரைப் பார்க்காமல் மேலே வட்டமிட்ட கூழைக்கடாக்களைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டோம். அவ்வளவுதான் தொடக்கம்.

பறவை பார்க்கிறவருக்கு வன்னி கொடுத்து வைத்த மண். கனகராயன் ஆறு காட்டுக்குள்ளால் வந்து இரணைமடுவில் தேங்கி, வயலுக்குப் பாய்ந்து, மிச்சம் ஆனையிறவு, சுண்டிக்குளம் களப்புப் பக்கம் போய்ச் சேர்கிறது. இந்த ஒரு ஆற்றை மட்டும் பிடித்துக்கொண்டு போனாலே காட்டுப் பறவை, குளத்துப் பறவை, வயல் பறவை, உப்புக் கரைப் பறவை என்று நாலு உலகம் ஒரு நாளில் கண்ணில் படும். காட்டுக்கோழி கூவுகிற இடத்தில் காலைத் தேநீர் குடித்தவர் பின்னேரம் பூநாரைக் கூட்டத்தின் முன்னால் நிற்கலாம். ஐப்பசிக்குப் பிறகு ஊசிவால் வாத்துகளும் உள்ளான் கூட்டங்களும் வந்து இறங்கும். மத்திய ஆசியப் பறப்புப் பாதையில் வருகிற பறவைக்கு நம்முடைய தீவு கடைசித் தரை, அதற்குத் தெற்கே திறந்த கடல்தான். மன்னாரில் கருவி பூட்டி விடப்பட்ட கடற்புறாக்கள் ரஷ்யாவின் ஆர்க்டிக் பகுதிவரை போனதைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து கண்டிருக்கிறார்கள். அந்தச் செய்தியை வகுப்பில் சொன்ன நாளில் என் பிள்ளைகள் உலகப் படத்தில் மன்னாரிலிருந்து மேலே விரலை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள்.

சட்டத்தின் காவலும் பழையதுதான். சுண்டிக்குளம் 1938ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு 2015ல் தேசிய பூங்காவானது. கொக்கிளாய் 1951ல் சரணாலயம். மன்னார்ப் பெருநிலத்து வங்காலை 2010ல் உலக முக்கியத்துவம் உள்ள ராம்சார் ஈரநிலமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. இவற்றுக்கு வெளியே கிடக்கிற தரவைகளும் சின்னக் களப்புகளும்தான் யாருடைய கணக்கிலும் இல்லாதவை.

ஆனால் இதையெல்லாம் நின்று பார்க்கிற பழக்கம் எங்களிடம் அறுந்துபோயிருந்தது. ஒரு காலத்தில் பைனாகுலரைக் கழுத்தில் போட்டுக்கொண்டு களப்புக் கரையில் நிற்கிற ஆளைப் பற்றி யார் என்ன நினைத்திருப்பார்கள் என்பதை எங்கள் வயதுக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. 2009ல் போர் முடிந்த பிறகு தெற்கிலிருந்து பெரிய லென்சுகளோடு ஆட்கள் வந்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். போரின் கடைசி நாட்கள் நடந்த நந்திக்கடல் பக்கம் போனால் எங்களுக்குக் கண் வேறு எதையோ தேடும். அங்கே நின்று பறவையை மட்டும் பார்க்க எனக்குப் பல வருடம் எடுத்தது. இன்னும் முழுதாக முடிவதில்லை. ஆகவே ஐந்து பேர் சேர்ந்து ஒரு கரையில் நிற்பது என்பது எங்களுக்குப் பறவையைவிடப் பெரிய காரியமாக இருந்தது. தனியே நின்றால் ‘இவ ஏன் இங்க நிக்கிறா’ என்று பார்க்கிற ஊர், ஐந்து பேர் நின்றால் ‘என்ன பாக்கிறியள்’ என்று கிட்ட வந்து கேட்கும்.

குறூப் அதன் பிறகு வந்தது. ‘காலை 6.20, கட்டுக்குக் கீழ், அரிவாள்மூக்கன் பதினொன்று’ என்கிற மாதிரிச் செய்திகள். மாதத்தில் ஒரு ஞாயிறு ஒன்றாகப் போவோம். யாராவது ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு வருவார்கள். பெயர்ச் சண்டை அடிக்கடி வரும். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் தவிட்டுக்குருவி என்று இருப்பதை எங்கள் வளவில் புலுனி என்போம். புத்தகப் பெயரை எழுதினால் ஊர்ச்சனம் விலகும், ஊர்ப் பெயரை எழுதினால் பிள்ளை ஆய்வுக்கு எடுக்க முடியாது. இரண்டையும் எழுதுவது என்று முடிவானது. அந்தச் சண்டைகளை இப்போது நினைத்தால் சந்தோசமாக இருக்கிறது. முகம் தெரிந்தவர்கள் போட்ட சண்டை அது.

பிறகு யாரோ குறூப்பின் லிங்கைப் பேஸ்புக்கில் போட்டார்கள். ஒரு வருடத்துக்குள் ஆட்தொகை நூறைத் தாண்டியது. அவர்களில் நான் நேரில் கண்டு பேசியவர்கள் இருபதுக்குள். மாதாந்தச் சந்திப்பும் மெல்ல நின்றது, கையில்தான் எல்லாம் வருகிறதே என்ற எண்ணம். இதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. வளர்ச்சி என்றே நினைத்தோம்.

அந்தக் குருவி

அது உப்புக்கொத்தி வகை. தரவையில் ஓடும், நிற்கும், குனிந்து கொத்தும், மீண்டும் ஓடும். களப்பில் தொழில் செய்கிறவர்களுக்குக் கரையில் ஓடுகிற சின்னது எல்லாம் உள்ளான்தான். பல காலம் இதைக் கெண்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு பிரிவு என்று வைத்திருந்தார்கள். இலங்கை ஆய்வாளர்களும் சேர்ந்து செய்த ஆய்வு 2023ல் வெளியானபோது, மரபணுவிலும் உடலளவிலும் வேறுபட்ட தனி இனம் இது என்று ஆனது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழ்கிற குருவி. கெண்டிஷ் உப்புக்கொத்தி குளிருக்கு வடக்கிலிருந்து வந்து போகும், இது இங்கேயே இருந்து குஞ்சு பொரிக்கும். இராமர் அணைப் பக்கத்துக் கரைகளில் வாழ்வதால் ஆங்கிலத்தில் அனுமன் பெயரை வைத்தார்கள். நாங்களும் அனுமன் உப்புக்கொத்தி என்று எழுதத் தொடங்கினோம்.

தனி இனம் என்றானதும் எல்லோருக்கும் அது வேண்டியிருந்தது. பட்டியல் வைத்திருக்கிற நோக்கர்களுக்கு ஒரு புதிய பெயர் கூடுகிறது, படம் எடுக்கிறவர்களுக்கு முட்டையோடு எடுத்தால் மதிப்பு. நான் போட்ட செய்தி அப்படியான நேரத்தில் போய் விழுந்தது.

கூடு என்று சொல்கிறேன், உண்மையில் கூடு என்று ஒன்றும் இல்லை. உமிரி என்கிற உப்புநிலச் செடிப் பற்றைகளுக்கு இடையில் காய்ந்த மண்ணில் மாட்டுக் குளம்பு பதிந்த அளவில் ஒரு சின்னக் குழி. அதற்குள் ஊரி என்கிற சிப்பி ஓட்டுத் துண்டுகள் சில. மண் நிறத்தில் கரும்புள்ளி போட்ட மூன்று முட்டை. ஒரு முழத்துக்கு அப்பால் நின்றும் நான் முதலில் காணவில்லை. காட்டிக்கொடுத்தது தாய்க்குருவி. ஒரு இறகை முறிந்ததுபோல் இழுத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடியது. ஆளைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போவதற்கான நடிப்பு அது. நான் அதன் பின்னால் போகாமல் அது எழும்பிய இடத்துக்குப் போனேன். படித்திருந்ததால் வந்த வினை.

ஆட்காட்டியும் வெறும் நிலத்தில்தான் முட்டை வைக்கும். ஆனால் ஆட்காட்டி ஊரைக் கூட்டிவிடும், தலைக்கு மேலால் சுற்றிச் சுற்றிக் கத்தும். கிட்டப் போனவருக்குத் தான் வேண்டாத இடத்தில் நிற்கிறேன் என்பது விளங்கும். உப்புக்கொத்தி பெரும்பாலும் ஆளைத் தூரத்தில் கண்டதுமே குனிந்து சத்தமில்லாமல் ஓடிவிடும். ஆள் போகும்வரை முட்டைக்குத் திரும்பாது. அருகில் நிற்பவர் ‘குருவி இல்லை, கொஞ்சம் காத்திருந்து பார்ப்போம்’ என்று குந்திக்கொள்வார். அவர் காத்திருக்கிற ஒவ்வொரு நிமிடமும் முட்டை வெயிலில் கிடக்கும்.

ஆனி வெயிலில் தரவை மண்ணில் வெறுங்காலோடு நிற்க முடியாது. இந்த வகைக் குருவிகள் அடைகாப்பது சூடு கொடுக்க மட்டுமல்ல, மதியத்தில் நிழல் கொடுக்கவும்தான். தண்ணீரில் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் நிற்கும். ஆணும் பெண்ணும் மாறி மாறி இப்படி மூன்று, மூன்றரை வாரம். எங்கள் நாட்டில் வீட்டுக் கூரைக்கு மட்டையைப் போட்டுத் தண்ணீர் தெளிக்கிற ஆட்களுக்கு இந்தப் பாடு விளங்கும்.

ஒன்பது நாள்

சனிக்கிழமை காலை நான் போட்டேன். பின்னேரத்துக்குள் குறூப் முழுக்க இதயமும் கைகூப்பலும். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது, அதை மறைக்கப்போவதில்லை.

ஞாயிறு இரண்டு மோட்டார் சைக்கிளில் நாலு பொடியன்கள் போனார்கள். மரியாதையான பிள்ளைகள், தூரத்தில் நின்று படம் எடுத்ததாகச் செய்தி போட்டார்கள். படத்தைப் பார்த்தால் தூரத்தில் எடுத்ததாகத் தெரியவில்லை. நான் ஒன்றும் எழுதவில்லை.

திங்கள், செவ்வாய் யாராவது ஒருவர் போயிருக்க வேண்டும். புதன் பௌர்ணமிப் போயா விடுமுறை. அன்று ஒரு வான் நிறைய ஆட்கள் வந்தார்கள், எங்கள் குறூப்பில் இருந்தவர் ஒருவர், மிச்சப் பேர் அவருடைய கூட்டாளிகள். முக்காலி வைத்து, மறைப்புத் துணி கட்டி, காலை எட்டிலிருந்து மதியம்வரை நின்றதாகப் பின்னால் அறிந்தோம். யாரும் முட்டையைத் தொடவில்லை. தொடாதது போதும் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். நானும் அந்த வாரம்வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வான் தம்பி வியாழன் அந்தப் பக்கம் ஓட்டம் போனவன், ரயர்த் தடம் கூட்டுக்கு இரண்டு அடிக்குள் போயிருப்பதைக் கண்டு பயந்துபோனான். இனி வருகிறவர்கள் ஏற்றிவிடக்கூடாது என்று ஒரு தடியை வெட்டி, நுனியில் சிவப்புச் சீலைத் துண்டு கட்டிப் பக்கத்தில் நட்டுவிட்டு வந்தான். நல்ல மனத்தோடு செய்தது.

அடுத்த ஞாயிறு, ஒன்பதாம் நாள், அக்காவும் நானும் போனோம். குழி இருந்தது, ஊரித் துண்டு இருந்தது, முட்டை இல்லை.

அக்கா உடனே கிட்டப் போகவில்லை. நின்ற இடத்திலேயே குந்தி மண்ணைப் பார்த்தா. வருடக்கணக்கில் நிலத்தை ஒரு சாண் ஒரு சாணாகப் பார்த்து வேலை செய்தவ. ‘கண்ணிவெடிக் காணிக்குள்ள ஆட்காட்டி முட்டையை நான் எத்தினை தரம் கண்டிருப்பன் ரீச்சர், அந்தத் துண்டை விட்டிட்டு மற்றப் பக்கம் வேலை செய்வம்’ என்று ஒருமுறை சொன்னவ. இப்போது தடியைக் காட்டினா. தடியின் அடியில் வெள்ளை எச்சம். ‘காகம் இதில இருந்திருக்கு.’ பிறகு கையால் காட்டிக்கொண்டே போனா: தடிக்குக் கீழே காகத்தின் கால், அங்கிருந்து குழிக்கு நேரே, குழிக்குப் பக்கத்தில் முட்டை ஓட்டுத் துண்டு ஒன்று. தரவையில் சுற்று வட்டாரத்தில் வேறு உயரமான பொருள் இல்லை. காகத்துக்கு இருக்க ஒரு கொப்பு இல்லாத இடம் என்றுதான் குருவி அதைத் தேர்ந்திருக்க வேண்டும். கொப்பை நாங்கள் கொண்டுபோய் நட்டோம்.

காகம் ஏன் அங்கே வந்தது என்பதற்கும் விடை தரையிலேயே கிடந்தது. பிஸ்கற் பை, சோற்றுப் பார்சல் சுற்றிய தாள். புதன்கிழமை வந்தவர்கள் விட்டுப் போனவை. மனிதர் போகிற இடத்துக்குக் காகமும் கட்டாக்காலி நாயும் பின்னால் வரும். ஆள் நடமாட்டம் இல்லாத களப்பு ஒன்றுக்கு ஒரே கிழமையில் நாங்கள் ஒரு தெருவைப் போட்டுவிட்டோம்.

மருத மரத்தடி

அன்றிரவு குறூப்பில் நான் எழுதினேன்: முட்டை போய்விட்டது, லொக்கேஷனைப் போட்டது என் பிழை. அதற்கு வந்த பதில்களை இங்கே எடுத்து எழுத எனக்கு விருப்பம் இல்லை. புதன்கிழமை வந்தவர்களைப் பேசினார்கள், அவர்கள் திருப்பிப் பேசினார்கள், தம்பியின் தடியைப் பேசினார்கள். முகம் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் எவ்வளவு தூரம் பேசலாம் என்பதற்கு எல்லை இருக்கவில்லை. முப்பது பேருக்கு மேல் விலகினார்கள். தம்பியும் விலகினான்.

நீர்ப்பாசன அண்ணைதான் போனில் எடுத்துச் சொன்னார்: ‘இதை எழுதி முடிக்கேலாது. நேர வாங்கோ.’ ஒரு சின்னக் குளத்தின் கட்டில் மருத மரத்தடியில் கூடினோம். பதினாலு பேர் வந்தார்கள். தம்பியை அண்ணை தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார். புதன்கிழமை ஆட்களில் எங்கள் குறூப்பில் இருந்தவரும் வந்திருந்தார். அவர் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வெட்கத்தோடு ஒரு ஓரத்தில் நின்றார். அக்கா அவருக்கும் பிளேன்ரீயும் சர்க்கரைத் துண்டும் கொடுத்தா. முதல் அரை மணித்தியாலம் யாரும் கூட்டைப் பற்றிப் பேசவில்லை. மாரி பிந்துமா, நெல் விலை, யாருடைய பிள்ளைக்கு எந்தப் பல்கலைக்கழகம் கிடைத்தது. இந்த அரை மணித்தியாலம் வீண் என்று அப்போது நினைத்தேன், அது இல்லாவிட்டால் பிறகு பேசியது நடந்திராது.

பேச்சு தொடங்கியதும் நான் சொன்னேன், இனி யாரும் எந்த இடமும் சொல்லக்கூடாது என்று. விலங்கியல் பிள்ளை எழும்பி மறுத்தாள். அவளுடைய வாதத்தை நியாயமாக எடுத்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது என்னுடையதைவிட வலுவானது. வங்காலை ராம்சார் இடமானது ஆட்கள் போய் எண்ணி எழுதி வைத்ததால். ஒவ்வொரு தை மாதமும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987லிருந்து நடக்கிறது. இலங்கையில் 1943ல் தொடங்கிய சிலோன் பறவைக் கழகம் அதைச் செய்துவருகிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து 1976ல் தொடங்கிய களப் பறவையியல் குழு பள்ளிப் பிள்ளைகள்வரை பறவை பார்க்கப் பழக்கியிருக்கிறது. ‘எண்ணாத களப்பில நாளைக்கு இறால் பண்ணை வந்தால், உப்பளம் வந்தால், இங்க பறவை இருந்தது எண்டு எதைக் காட்டப்போறியள் ரீச்சர்? எங்கட ஆக்கள் எழுதி வைக்காமல் விட்டதாலதான் எங்கட இடம் ஒண்டும் படத்தில இல்லை.’

யாரும் பதில் சொல்லவில்லை. அப்போது அக்கா கேட்டா, மெதுவாக, அவவுக்குச் சத்தம் போட்டுப் பேசுகிற பழக்கம் இல்லை: ‘ரீச்சர் போட்ட லொக்கேஷனுக்கு போன் காட்டுற நேர்ப்பாதை எதால போகுது தெரியுமோ? றோட்டில இருந்து அந்தப் பத்தைக்குள்ளால. அந்தப் பத்தை நாங்கள் இன்னும் முடிக்காத காணி.’

மருத மரத்தில் கிளி கத்தியது மட்டும் கேட்டது. எனக்குக் கை நடுங்கியது. ஊர் ஆட்கள் சுற்றுப்பாதையால் போவார்கள். மிதிவெடிக் காணி ஓரத்தில் சிவப்புத் தடி எதற்கு நிற்கிறது என்று எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கும் தெரியும். வான் நிறைய வந்த வெளியூர் ஆட்களுக்கு? அவர்கள் கிரவல் றோட்டால் சுற்றி வந்தது வானைத் திருப்ப இடம் தேடியதால் மட்டுமே. ஓரத்தில் நின்றவர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். ‘எனக்கு இது தெரியாது’ என்றார். வேறு ஒன்றும் அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பகிர்வதா, மறைப்பதா என்று இரண்டு பக்கமாக நின்ற பேச்சு அந்த இடத்தில் மாறியது. யாருக்கு, எப்போது, எந்த அளவுக்கு என்று கேட்கத் தொடங்கினோம்.

ஏன் நடந்தது

பின்னோக்கிப் பார்க்கும்போது, கூடு போனதற்குக் காகத்தையோ தடியையோ புதன்கிழமை வானையோ தனியாகப் பிடிக்க முடியாது. குறூப் ஐந்து பேராக இருந்த காலத்தில் நான் இதே செய்தியைப் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். அக்கா உடனே போன் எடுத்துப் பேசியிருப்பா. அண்ணை, ‘பிள்ளை, அதை அழியும்’ என்றிருப்பார். ஒருவரும் போயிருக்க மாட்டார்கள், போயிருந்தாலும் என்னோடு போயிருப்பார்கள். நூறு பேருக்குள் அக்காவின் குரல் மற்றவர்களுடையதைப் போல ஒரு குரலாகிவிட்டது. அவ அந்தச் சனிக்கிழமையே ‘அந்தப் பக்கம் கவனம்’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறா. இதயங்களுக்குள் அது அடிபட்டுப் போய்விட்டது. நானே அதைப் பிறகுதான் தேடிப் படித்தேன்.

சந்திப்பு நின்றதும் செய்தி தொடர்ந்ததும்தான் பழுது என்பது என் முடிவு. இடம் என்பது நம்பிக்கையோடு கொடுக்கிற பொருள். கிணற்றடி வழியால் வீட்டுக்குள் வருகிற உரிமையை யாருக்குக் கொடுப்போம்? ஆளைத் தெரிந்த பிறகு. பறவையின் வீட்டுக்கு நாங்கள் அந்தக் கணக்கை வைக்கவில்லை.

தொழில்நுட்பம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கோர்னெல் பல்கலைக்கழகத்தின் ஈபேர்ட் தளம் 2002ல் தொடங்கியது, இப்போது உலகம் முழுதும் பறவைப் பதிவுகளைச் சேர்க்கிறது. ஆபத்துள்ள சில இனங்களின் சரியான இடத்தை அதுவே பொது ஆட்களுக்கு மறைத்துவிடும். பதிவைப் பிந்திப் போடவும் வழி உண்டு. வட்ஸ்அப்பில் அப்படி ஒரு காவல் இல்லை. அதோடு, போனால் எடுக்கிற படத்துக்குள் எடுத்த இடத்தின் ஆள்கூறு ஒளிந்திருக்கலாம். சாதாரணமாக அனுப்பினால் வட்ஸ்அப் அதை நீக்கும், தெளிவு குறையாமல் இருக்க ஆவணமாக அனுப்பினால் அது அப்படியே போகும். எங்களில் படக்காரர் பலர் ஆவணமாகத்தான் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

சட்டமும் உண்டு. 1937ன் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பெரும்பாலான பறவைகளையும் அவற்றின் கூடு, முட்டைகளையும் காக்கிறது. ஆனால் தூரத்தில் குந்தியிருந்து வெயிலைக் காவல் வைத்தவரை எந்தச் சட்டமும் பிடிக்காது.

அதன் பிறகு

லிங்கை மூடினோம். புதிதாக வர விரும்புகிறவர் முதலில் ஒரு ஞாயிறு நேரில் வரவேண்டும். இது கடுமையான ஏற்பாடு, விரும்பாதவர்கள் போனார்கள். குறூப் இப்போது சிறியது. அதில் செய்தி குறைந்துவிட்டது, சில நாள் ஒன்றுமே வராது. எனக்கு அது முதலில் தோல்வியாகப் பட்டது.

கூடு, இராத்தங்கல் மரம், களப்பின் உள்மூலை இவை குறூப்பில் வராது. பிள்ளையின் கொப்பியில் வரும். குஞ்சு பறந்த பிறகு, பருவம் முடிந்த பிறகு அவள் அதைப் பதிவேற்றுவாள். அவளுடைய வாதமும் பிழையாகவில்லை, குருவியும் பிழைக்கலாம். குளக்கட்டில் நின்று எல்லோரும் காணக்கூடிய கூழைக்கடாவும் பூநாரையும் முன்பு போலவே உடனுக்குடன் வரும். பூநாரை இறங்கினால் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் சொல்லுவோம், வரட்டும், றோட்டில் நின்று பார்க்கட்டும். துப்பரவாக்காத காணி எங்கே என்பதை அக்கா ஒவ்வொரு சந்திப்பிலும் சொல்லுவா. காணி விடுபட்டதும் அதையும் சொல்லுவா, அன்று எல்லோரும் கொஞ்சம் கூடுதலாகச் சிரிப்போம். புதன்கிழமை வந்த படக்காரர் இப்போது எங்களுடைய தை மாதக் கணக்கெடுப்புக்குத் தன் ஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறார். தூரத்திலிருந்து எண்ண அதைவிட நல்ல சாமான் எங்களிடம் இல்லை. வான் தம்பி இப்போது தடி நடுவதில்லை. பதிலாக, தெரியாத ரயர்த் தடம் கண்டால் அதன் பின்னால் போய் ஆளைப் பிடித்துப் பேசி, ரீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்புகிறான்.

சந்திப்பு திரும்ப வந்ததால் வந்த பெரிய பயன் நாங்கள் எதிர்பாராதது. மருத மரத்தடிக்கு ஒரு களப்புத் தொழிலாளி ஐயா வரத் தொடங்கினார். இறால் பிடிக்கிறவர், அறுபது கடந்தவர். அவரிடம் பொத்தான் அமத்துகிற போன்தான் இருக்கிறது. வட்ஸ்அப் குறூப் என்று ஒன்று நாங்கள் நடத்திய காலம் முழுக்க, அவர் விடிய நாலு மணிக்கு அதே களப்பில் நின்றிருக்கிறார். எந்த மாதம் எந்தத் திடலில் ஆலா முட்டை வைக்கும், தண்ணீர் எந்த அளவுக்கு ஏறினால் அது இடம் மாறும் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். ஏன் ஒருநாளும் சொல்லவில்லை என்று கேட்டேன். ‘நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லையே பிள்ளை’ என்றார். எங்கள் கூடு போன கதையையும் அவர் அன்றே அறிந்திருந்தார். நாங்கள் கால் வைக்க முதலே அந்தச் சோடியை அவர் பல நாள் கண்டிருந்தார், தோணியைச் சற்றுத் தள்ளிக் கட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடச் சோளகத்தில் நான் அந்தப் பக்கம் போகவில்லை. போக வேண்டும் என்று கால் துடித்தது. பாடசாலை விட்டுப் போகும்போது பஸ் அந்தச் சந்தியில் நிற்கும், இறங்காமல் இருந்தேன். ஆனி போனது, ஆடி போனது. ஆவணி முதல் ஞாயிறு மருத மரத்தடியில் ஒன்பது பேர் இருந்தோம். பேச்சு குளத்துத் தண்ணீர் வற்றியது பற்றி ஓடிக்கொண்டிருந்தது. ஐயா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, கேட்காமலே சொன்னார்:

‘அந்தச் சின்ன உள்ளான் ரெண்டு குஞ்சு. பறந்திட்டுது. இனிச் சொல்லலாம்.’

பிள்ளை கொப்பியை எடுத்தாள். அவர் அவள் பக்கம் சரிந்து இடத்தைச் சொன்னார். எங்களுக்குக் கேட்கவில்லை. அக்கா எனக்கு ரீ ஊற்றினா.